கனகமணி கலக்கிய சோப் ஆயில்

கருக்கம்பாளையத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பால் பாத்திரங்கள் தேய்க்கிற நேரத்தில், ஊரிலிருந்த அத்தனை வீட்டு சோப் ஆயிலும் பச்சையிலிருந்து நல்ல மாம்பழ மஞ்சளுக்கு மாறியது. சிங்க்கின் மேல் இருந்ததும் மாறியது, குழாயடியில் தேங்காய்நாரோடு கிடந்ததும் மாறியது, மூடி திறக்காமல் அலமாரிக்குள் இருந்ததும் மாறியது, பொன்னுசாமி மெஸ்ஸில் கை கழுவுகிற இடத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்ததும் மாறியது. யாரும் கூச்சல் போடவில்லை, யாரும் மயங்கி விழவில்லை. "கனகமணி எலுமிச்சம்பழம் சேர்த்திருக்கறா போலிருக்குது" என்று சொல்லிவிட்டு அவரவர் பாத்திரத்தை அவரவர் விளக்கினார்கள்.

மத்தியானம் அது ஊதாவாக மாறியது. எலுமிச்சம்பழக் கட்சி அத்தோடு தோற்றது.

கனகமணியை உங்களுக்குத் தெரியாது. அந்த ஊரிலேயே பிறந்திருந்தாலும் தெரிந்திருக்காது. அண்ணன் தங்கவேலுவின் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, நீல டிரம்மில் ஸ்லரி என்கிற கெட்டி அமிலக் குழம்பை ஊற்றி, முந்தின நாளே கரைத்து ஆறவைத்த காஸ்டிக் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, மூங்கில் கழியால் ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றிக் கலக்கி, உப்புக் கரைசலை ஊற்றிக் கெட்டியாக்கி, சென்ட்டும் பச்சைக் கலரும் சேர்த்து, நுரை அடங்கியதும் பழைய தண்ணீர் பாட்டில்களில் நிரப்பி ஊர் முழுக்கக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வயது முப்பத்தெட்டு. அவள் வாயிலிருந்து இரண்டே பேச்சுத்தான் வரும். யாராவது காலை மிதித்தால் "பரவாயில்லீங்க" என்பாள். யாராவது ஏதாவது கேட்டால் "உங்க இஷ்டமுங்க" என்பாள். முகத்தைப் பார்த்து எதையாவது தெரிந்துகொள்ளலாம் என்றால், பூட்டின கடையின் ஷட்டரைப் பார்த்தாவது உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடலாம், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஏன் நிறம் மாறியது என்று நீங்கள் கேட்பீர்கள். ஊரும் ஒரு அரை நாள் கேட்டது. தண்ணீர்தான் காரணம் என்றார் உப்புக் கடைக்காரர். உப்புத்தான் காரணம் என்றார் தண்ணீர் திறந்துவிடுகிறவர். இரண்டு பேரும் சண்டை போட்டுப் பேசாமல் போய்விட்டதால் விசாரணை அங்கேயே நின்றது. அதற்குப் பிறகு காரணத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. வேலை இருக்கிற ஊர், அடுத்து ஆகவேண்டியதைப் பார்த்தது.

அடுத்து ஆகவேண்டியது என்னவென்றால், எந்த நிறத்துக்கு என்ன புடவை கட்டுவது என்பது. காலையில் எழுந்ததும் பெண்கள் முதலில் பாட்டிலைப் பார்த்தார்கள், அப்புறம் பீரோவைத் திறந்தார்கள். பொன்னுசாமி மெஸ் வாசலில் சாப்பாட்டுப் பட்டியலுக்கு மேலே "இன்றைய நிறம்: கத்தரிப்பூ" என்று சாக்பீஸால் எழுதிவைத்தார். ஒரு பழுப்பு நிற நாளில் ஒருத்தர் ஆடு வாங்க, அது இரட்டைக் குட்டி போட, பழுப்பு என்றால் ஆடு வாங்குகிற நாள் என்று முடிவானது. இதில் அதிகம் நொந்துபோனவர் கரியகாளியம்மன் கோயில் பூசாரி. நல்லது கெட்டதுக்கு வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம் கட்டி அம்மன் முன்னால் போட்டு, ஒன்றை எடுத்து, வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் செய்யாதே என்று பூவாக்குக் கேட்பது அந்தப் பக்கத்து வழக்கம். வீட்டு சிங்க்கிலேயே வாக்கு வந்துகொண்டிருக்கும்போது கோயில் வரைக்கும் யார் நடப்பார்கள்? பூசாரி கொஞ்ச நாள் முறைத்துப் பார்த்துவிட்டு, தானும் ஒரு பாட்டில் வாங்கி அம்மனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

விஷயத்தைக் கண்டுபிடித்தது தங்கவேலுவின் மனைவி ஈசுவரி. கெட்டவள் இல்லை, கேட்டு எடுக்கிற பழக்கம் மட்டும் கிடையாது. ஒருநாள் குக்கரைத் தேய்த்துக்கொண்டே, "அம்முணி, உன்ற மயில்கழுத்துப் பட்டுச்சீலையை என்ற தங்கச்சிக்குக் கட்டக் குடுத்துட்டேன், பொட்டியில சும்மாதான கிடந்துச்சு" என்றாள்.

"பரவாயில்லீங்கண்ணி" என்றாள் கனகமணி.

ஈசுவரியின் கையிலிருந்த பாட்டில் மிளகாய்ப்பழச் சிவப்பாக மாறியது. அதே நொடியில் பக்கத்து வீட்டிலிருந்தும், எதிர் வீட்டிலிருந்தும், மெஸ்ஸிலிருந்தும் "சிவப்பாயிருச்சு! சிவப்பாயிருச்சு!" என்று குரல் கேட்டது. ஈசுவரி பாட்டிலைப் பார்த்தாள், நாத்தனாரைப் பார்த்தாள். சோதித்துப் பார்ப்போம் என்று, "உன்ற கைப்பக்குவம் யாருக்கும் வராது அம்முணி" என்று ஒரு வார்த்தை விட்டாள். மஞ்சள். "ராத்திரிக்கும் பழைய சோறுதான்" என்றாள். சாம்பல். ஈசுவரியின் வாயில் எந்த ரகசியமும் தங்காது. விளக்கு வைப்பதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது, பாட்டிலில் வருவது வேறு எதுவும் இல்லை, கனகமணியின் மனசு என்று.

அன்றிலிருந்து அந்த ஊர் ஒரு பெண்ணைத் தாங்கு தாங்கென்று தாங்கியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மயில்கழுத்துப் பட்டு துவைத்து மடித்துத் திரும்பி வந்தது. தண்ணீர் லாரி வந்தால் அவள் குடம் முதலில் நிறைந்தது. இத்தனை வருஷம் வாசலைத் தாண்டிப் போனவர்கள் நின்று, "மனசு எப்படீங்க இருக்குது?" என்று விசாரித்தார்கள். அவள் "பரவாயில்லீங்க" என்பாள். விசாரித்தவர்கள் அதைக் காதில் வாங்காமல் நேராக வீட்டுக்குப் போய்ப் பாட்டிலைப் பார்த்து உண்மையைத் தெரிந்துகொள்வார்கள். கறுத்த நாளில் மெஸ்ஸில் யாரும் கை கழுவ மாட்டேன் என்றதால், பொன்னுசாமி தினமும் ஒரு தூக்குப்போசி நிறையப் பாயசம் அனுப்பினார்.

அந்தப் பாயசத்தைக் கொண்டுவருகிறவள் அவர் மனைவி வேலாத்தாள். விடியுமுன் மாவாட்டுவதில் தொடங்கி, கடைசி தோசைக்கல்லைக் கழுவிக் கவிழ்க்கிறவரை அடுப்படியிலேயே இருக்கிறவள். அவளிடம் யாராவது "நீங்க என்ன சாப்புடறீங்க?" என்று கேட்டால், பொன்னுசாமி முந்திக்கொண்டு, "அவளுக்கும் அதேதானுங்க" என்பார். எதுக்கும் அதேதான். ஊருக்கு அது பழகிப்போன பேச்சு. கனகமணியும் வேலாத்தாளும் பாயசத்தைக் கைமாற்றிக்கொள்வார்கள், ஒருத்தியை ஒருத்தி பார்ப்பார்கள், பேச இரண்டு பேருக்கும் வாய் கிடையாது.

ஆனால் தாங்குவது என்றால் சும்மாவா? அம்மாவின் திதி அன்று கனகமணிக்கு மனசு கனத்தது, பாட்டில்களெல்லாம் அவுரி நீலமாகின. உடனே ஒருத்தர் ஓடி வந்தார். "நாளைக்கு எம் புள்ளைக்குச் சீர் விசேஷமுங்க, ஊடு நிறையச் சொந்தம் வருது. துக்கத்தைக் கொஞ்சம் வியாழக்கிழமைக்குத் தள்ளி வெச்சுக்க முடியுமுங்களா?" என்றார், கும்பிட்டுக்கொண்டே. அவளும் சரியென்று சிரிக்க முயன்றாள். முகம் சிரித்தது; பாட்டில் நீலமாகவே நின்றது. தன் வருத்தத்தைக்கூட ஊரைக் கேட்டுத்தான் படவேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. நீலத்தில் சிவப்பு ஓடியது. சீர் வீட்டுக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு போனார்.

இப்படியிருக்கும்போதுதான் தங்கவேலு மாப்பிள்ளை கொண்டுவந்தார். தான் நடத்துகிற மாவு மில்லின் சத்தத்தில் காதும், தங்கைக்குக் கல்யாணம் ஆகவில்லையே என்கிற கவலையில் தூக்கமும் போனவர். மாப்பிள்ளை சென்னியப்பன், பக்கத்து ஊரில் தறி ஓட்டுகிறவர், முதல் மனைவி தவறிவிட்டாள், நல்ல வீடு, நல்ல வருமானம். தங்கவேலு தங்கையைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "சரிதானே கண்ணு?" என்றார்.

"உங்க இஷ்டமுங்கண்ணா" என்றாள் கனகமணி.

கொட்டகைக்குப் போய்க் கழியை எடுத்துக் கலக்கினாள். யார் வீட்டிலோ போய் விடிந்தால் எழுந்து யாருக்கோ சமைத்துக்கொண்டு இந்த டிரம் இல்லாமல், இந்த நுரை இல்லாமல், சாகிறவரை "பரவாயில்லீங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கப்போகிறோம் என்று நினைத்தாள். பாட்டில்கள் ஒரு சேற்று நிறத்துக்குப் போயின. ஊர் அதைப் பார்த்துவிட்டு, கல்யாணம் என்றால் பெண்ணுக்கு ஒரு கலக்கம் இருக்கத்தானே செய்யும் என்று சமாதானமாகிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். பூவாக்கு வேண்டாம், பாட்டிலே போதும் என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். முன்னறையில் டீப்பாயின் மேல் மைசூர்பாகுக்கும் மிக்சருக்கும் நடுவில், தாம்பாளத்தில், கழுத்தில் முழம் மல்லிகையோடு ஒரு சோப் ஆயில் பாட்டில் உட்கார்ந்திருந்தது. பூசாரி அதற்குப் பொட்டு வைத்திருந்தார். வெளியே தெருவே கையில் ஆளுக்கொரு பாட்டிலோடு நின்றது.

சென்னியப்பன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். அவருக்கும் விவரம் சொல்லப்பட்டிருந்ததால், நேராகப் பாட்டிலைப் பார்த்துக் கும்பிட்டார்.

"எங்க ஊட்டுல ஒரு நாய் இருக்குதுங்க" என்று தொடங்கினார். "அதுக்குப் பச்சரிசிச் சோறுதான் ஆகும். தனியா வடிக்கோணும்."

பாட்டில் சாம்பலானது. தெருவில் "சாம்பல்!" என்று ஒரு முனகல்.

"சரிங்க, புழுங்கலே போட்டுக்கலாம்" என்றார் சென்னியப்பன் அவசரமாக, பாட்டிலிடம். "நாய்கிட்ட நான் பேசிக்கறேன்."

சாம்பல் கொஞ்சம் வெளுத்தது.

"மூணு வேளையும் சூடா இருக்கோணுமுங்க எனக்கு."

பழுப்பு.

"ரெண்டு வேளை."

இளம் பழுப்பு.

"காப்பியாச்சும் சூடா..."

மாப்பிள்ளையின் அக்கா அவர் தொடையைக் கிள்ளினார். கனகமணி காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். வந்தவர்கள் பாட்டிலிலிருந்து கண்ணை எடுக்காமலே டம்ளருக்குக் கையை நீட்டினார்கள். ஒருத்தர் மிக்சருக்குள் கைவிட்டுத் துழாவினார். அவள் மயில்கழுத்துப் பட்டுத்தான் கட்டியிருந்தாள். இத்தனை பேரில் ஒருவர்கூட அது நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை, ஏனென்றால் ஒருவரும் பார்க்கவில்லை. முன்பெல்லாம் என் முகத்தைப் பார்த்தும் ஒன்றும் தெரியாமல் இருந்தார்கள், இப்போது எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைத்து முகத்தையே பார்க்காமல் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அடிவயிற்றிலிருந்து அழுகை வந்தது. அழுகைக்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. அது வந்ததும் அவளுக்கு உடம்பு லேசாகி, காதுமடல் சூடாகி, தட்டைப் பிடித்திருந்த கை உறுதியானது.

பாட்டில் ரோஜா நிறமானது.

ரோஜா அதுவரை வந்ததே இல்லை. மஞ்சள் வந்திருக்கிறது, ஊதா வந்திருக்கிறது, இப்படி ஒரு நிறம் யாரும் பார்த்ததில்லை. தெரு "ரோஸு! ரோஸு!" என்று கத்தியது. "புடிச்சிருச்சு, புள்ளைக்கு மாப்பிள்ளையைப் புடிச்சிருச்சு!" பொன்னுசாமி தயாராக வைத்திருந்த சரவெடியைக் கொளுத்தினார். ஈசுவரி குலவை போட்டாள். சென்னியப்பன் வெட்கப்பட்டு மைசூர்பாகை எடுத்துப் பாட்டிலின் வாயருகே கொண்டுபோனார். தங்கவேலு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெற்றிலை பாக்கு வைத்த தட்டைத் தூக்கினார். அதை மாப்பிள்ளை வீட்டார் வாங்கிக்கொண்டால் முடிந்தது கதை, கல்யாணம் உறுதி.

"அண்ணா" என்றாள் கனகமணி. "தட்டைக் கீழ வையுங்க."

மாவு மில் காதுக்கே அது கேட்டது. எல்லோரும் பாட்டிலைப் பார்த்தார்கள்.

"அங்க இல்லீங்க. இங்க பாருங்க" என்றாள்.

தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. பழக்கமில்லாததால் சிலருக்குக் கழுத்துச் சுளுக்கியதாகப் பிறகு சொன்னார்கள்.

"எனக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமில்லீங்க."

"ரோஸா இருக்குதே கண்ணு!" என்றார் தங்கவேலு பரிதாபமாக.

"ரோஸா இருக்கறது அவரைப் புடிச்சதுனால இல்லீங்கண்ணா. மாட்டேன்னு சொல்லிப் போடலாம்னு முடிவு பண்ணுனேன். அந்தச் சந்தோசமுங்க அது." பிறகு சென்னியப்பனைப் பார்த்து, "நீங்க கெட்டவருன்னு சொல்லலீங்க. எனக்குப் புடிக்கல, அவ்வளவுதான்" என்றாள்.

"இத்தனை வருசமா ஒரு வார்த்தை சொல்லாம இருந்துட்டியே!" தங்கவேலு தட்டை இன்னும் இறக்கவில்லை. "ஒவ்வொண்ணையும் உன்னையக் கேட்டுட்டுத்தானே செஞ்சேன்?"

"நீங்க எங்கீங்கண்ணா கேட்டீங்க? சரிதானேன்னு கேட்டீங்க. சரிதானேன்னு கேட்டா என்ன சொல்றது?"

தங்கவேலு தட்டைக் கீழே வைத்தார். அந்த அறையில் இருந்த ஆண்களில் பலர், தாங்கள் வீட்டில் எப்படிக் கேட்கிறோம் என்று யோசித்துவிட்டு, கூரையைப் பார்த்தார்கள். டீப்பாயின் மேல் இருந்த பாட்டிலிலிருந்து ரோஜா நிறம் மெல்ல வடிந்து, அடியில் ஒரு சுழி சுழித்து மறைந்தது. உள்ளே இருந்தது கிணற்றுத் தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. தெருவில் நின்றவர்கள் கையிலும் அப்படியே. சிலர் குலுக்கிப் பார்த்தார்கள். நுரைதான் வந்தது.

சென்னியப்பன் பெரிய மனுஷன்தான். கொஞ்ச நேரம் மைசூர்பாகைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார், பிறகு அதைத் தானே சாப்பிட்டார். "அப்ப நாய்க்குப் பச்சரிசியே போட்டுக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு, போகும்போது வீட்டுக்கு இரண்டு பாட்டில் சோப் ஆயில் வாங்கிக்கொண்டு போனார்.

தங்கவேலு மறுநாள் மில்லைத் திறக்கவில்லை. கொட்டகைக்கு வந்து டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் ஒப்பிக்கிறவர் போல, "உனக்கு என்ன வேணும் கண்ணு?" என்றார். கடைசியில் "சரிதானே" என்று வந்துவிட்டது, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இன்னொரு டிரம் வேணுங்கண்ணா. பெருசா" என்றாள். கொஞ்சம் யோசித்து, "அப்புறம் அந்தப் பச்சைக் கலர் எனக்குப் புடிக்கவே புடிக்காதுங்க. எல்லாரும் கேக்கறாங்களேன்னு போட்டுட்டு இருந்தேன்" என்றாள்.

அன்றிலிருந்து அவள் கலர் போடவில்லை, அதுவும் தானாக மாறவில்லை. ஊருக்குத்தான் கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது. என்ன புடவை கட்டுவது, எப்போது ஆடு வாங்குவது? நாலு பேர் சேர்ந்து போய், "இப்படி வெறுந்தண்ணியாட்டம் இருந்தா நாங்க எப்படீங்க தெரிஞ்சுக்கறது?" என்று முறையிட்டார்கள். "என்னையக் கேளுங்க, சொல்றேன்" என்றாள். சொல்லவும் சொன்னாள். காலையில் கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "இன்னைக்கு நல்லா இருக்கறனுங்க" என்பாள். அல்லது "இன்னைக்கு ஒரே கடுப்புங்க, யாரும் பேச்சுக் குடுக்காதீங்க" என்பாள். கடுப்பு நாளில் பெண்கள் சிவப்புப் புடவை கட்டினார்கள். மெஸ் பலகையில் பொன்னுசாமி "இன்றைய நிறம்: கேட்டுத் தெரிந்துகொள்ளவும்" என்று எழுதினார். பூசாரி பாட்டிலில் இருந்ததை ஊற்றி அம்மன் பாத்திரங்களை விளக்கிவிட்டு மறுபடி பூப்பொட்டலம் கட்டத் தொடங்கினார்.

எல்லாம் அடங்கியது என்று நினைத்திருந்த ஒரு திங்கட்கிழமை, பொன்னுசாமி மெஸ்ஸில் இட்லி மாவு செவ்வந்தி நிறத்தில் பொங்கி வழிந்தது. முதலில் சாப்பிட வந்தவர் அதைப் பார்த்துவிட்டு நான்கு இட்லி வாங்கிக்கொண்டார். இரண்டாவது ஈட்டில் மாவு ஊதாவானது. மூன்றாவது ஈட்டில் மிளகாய்ப்பழச் சிவப்பு. செய்தி கொட்டகைக்கு வந்தபோது கனகமணி காஸ்டிக் கரைத்துக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிக்கொண்டு நேராக மெஸ்ஸுக்குப் போனாள். பின்னாலேயே பாதி ஊர் போனது.

எல்லோரும் மாவுக் குண்டாவைச் சுற்றி நின்றார்கள். கனகமணி குண்டாவைத் தாண்டி அடுப்படிக்குள் போனாள். அங்கே வேலாத்தாள், கரண்டியைப் பிடித்தபடி, நெற்றியில் வேர்வை வழிய நின்றுகொண்டிருந்தாள். கனகமணி அவள் கையிலிருந்து கரண்டியை வாங்கிக் கீழே வைத்தாள். முகத்தை நேராகப் பார்த்தாள்.

"உங்களுக்கு என்னங்க வேணும்?"

"அவளுக்கும் அதே..." என்று கல்லாவிலிருந்து பொன்னுசாமி தொடங்கினார்.

"நீங்க சும்மா இருங்க!" என்று கருக்கம்பாளையமே ஒரே குரலில் கத்தியது. பூசாரியும் கத்தினார். தங்கவேலுவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

வேலாத்தாள் வாயைத் திறந்தாள், மூடினாள். பழக்கமில்லாத வேலை, நேரம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை, ஒருவரும் குண்டாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"எனக்கு" என்றாள் கடைசியில். "எனக்கு ஒரு தோசை வேணுங்க. வேற யாராச்சும் சுட்டுக் குடுத்தது."

கனகமணி அவளைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து, ஃபேனுக்கு அடியில் இருந்த மேஜையில் உட்கார வைத்து, இலை போட்டுத் தண்ணீர் தெளித்தாள். பொன்னுசாமி கல்லாவை விட்டு இறங்கி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போனார். முதல் தோசை பிய்ந்தது, இரண்டாவது கருகியது. மூன்றாவதை ஊற்றிவிட்டு, கரண்டியோடு வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"முறுகலாங்க?" என்று மனைவியிடம் கேட்டார். கேட்டுவிட்டு, அவள் சொல்கிறவரை நின்றார்.